தேங்காய் வைத்த சாக்லேட் கேக்

தேங்காய்த் துருவலை ஈரம் போகக் கொஞ்சம் வறுத்துக்கொள்ள வேண்டும், டாக்டர். பச்சையாக வைத்தால் மேலே ஊற்றும் சாக்லேட் நிற்காது, வழிந்துவிடும்.

நீங்கள் கேட்டது அதை அல்ல, தெரியும். வருகிறேன்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று அவர் தங்கையே சொல்வாள். லோடு இருக்கிறதென்று போன் வந்தால் போதும், தட்டில் போட்ட சோறு பாதி அப்படியே கிடக்கும். வழியெல்லாம் தேங்காய் வைத்த சாக்லேட் பார் வாங்கித் தின்பார். சர்க்கரை நோய் என்று நீங்கள் அதை நிறுத்தியதும் பச்சைப்பிள்ளை மாதிரி முகம் வாடிப்போனார். அதே ருசியில், சர்க்கரைக்குப் பதில் டப்பாவில் விற்கும் இனிப்புப் பொடி போட்டு ஒரு கேக் செய்தேன்.

"மண்ணு மாதிரி இருக்குடி. பரவால்ல, நீ செஞ்சதாச்சே" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த தடவை நிஜச் சர்க்கரையே போட்டேன். அவரிடம் சொல்லவில்லை. ஆசை தீரத் தின்றார். மறுநாள் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறதென்று லோடை வேறு டிரைவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, என்னோடு உட்கார்ந்து சீட்டு விளையாடினார். கல்யாணமானதிலிருந்து அப்படியொரு பகலை நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு போன் வரும்போதெல்லாம் மாவைக் கலக்க ஆரம்பித்துவிடுவேன். கேக் வேகும்வரை இருப்புக் கொள்ளாது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடையாய் நடப்பேன். அதற்குள் கிளம்பிவிடுவாரோ என்று வாசலை எட்டி எட்டிப் பார்ப்பேன்.

சர்க்கரையைப் பொடித்து அந்த இனிப்புப் பொடி டப்பாவிலேயே நிரப்பி வைத்தேன். பார்ப்பவர்களுக்கு டப்பாதானே தெரியும்.

வலது காலில் புண் வந்தது, ஆறவில்லை. "நாக்கக் கட்டித்தானே இருக்கேன், ஏன் டாக்டர் ஏறுது?" என்று அவர் உங்களிடம் கேட்டபோது பக்கத்தில்தான் நின்றேன். பாவமாக இருந்தது. அந்தக் காலை வெட்டி எடுத்ததும் கேக்கை நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் செயற்கைக் கால் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அவர் தங்கைக்கும் சர்க்கரை நோய் உண்டு. போன வாரம் வந்தவள் அந்த டப்பாவிலிருந்து தன் காபியில் போட்டுக்கொண்டாள். ஒரு வாய் குடித்ததும் கீழே வைத்தாள்.

"அண்ணி, இது சர்க்கரையாச்சே" என்றாள். நான் டப்பாவை வாங்கி மூடினேன். அவள் நேரே உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். போலீஸ் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். அவரிடம் மட்டும் சொல்லாதீர்கள், தாங்கமாட்டார்.

தங்கை வீட்டுக்கு அனுப்பினால் இடது காலையாவது காப்பாற்றலாம் என்கிறீர்கள். அவள் கட்டுப்பாடாக வைத்துக்கொள்வாள், சரி. உடம்பும் தேறிவிடும், அதுவும் சரி. தேறினால் அவர் எழுந்து போய்விடுவாரே, டாக்டர். அப்புறம் அவரை யார் பார்த்துக்கொள்வார்கள்?