மைதானத்தில் கல் இல்லை

ஹாக்கி டீம் கேப்டனுக்கு முதல் வேலை கல் பொறுக்குவதுதான், மேடம். டாஸ் போடுவது, கோப்பையை வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நிற்பது எல்லாம் அப்புறம். சூளகிரிப் பக்கம் எங்கள் கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற மைதானம் வெறும் மண் தரை. மழை பெய்தால் கல் மேலே வரும், லாரி திரும்பினாலும் வரும். கோலுக்கு முன்னால் அரைவட்டமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்போம். டி என்போம். அதற்குள்தான் பந்து அசுர வேகத்தில் வரும். அங்கே ஒரு பொடிக் கல் கிடந்தாலும் பந்து அதில் பட்டு எகிறி யார் முகத்தையாவது பதம் பார்த்துவிடும். அதனால் மற்றவர்கள் ஷூ மாட்டுவதற்குள் நான் போய்க் குனிந்து அந்த இடத்தைச் சுத்தமாகப் பொறுக்கிவிடுவேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

எங்கள் டீம் சரிதா இறந்ததை விபத்து என்று ஸ்டேஷனில் எழுதி முடித்துவிட்டீர்கள். முடித்ததை இவள் ஏன் வந்து கிளறுகிறாள் என்று உங்களுக்குச் சலிப்பாக இருக்கும். முழுவதையும் கேட்டுவிடுங்கள்.

என் பெயர் ஜெபசீலி. ஊர் கோவில்பட்டி. அங்கே பிள்ளைகள் நடக்கப் பழகியதும் கையில் ஸ்டிக்கைக் கொடுத்துவிடுவார்கள். இங்கே என்னைக் காருக்கு ஒயர் கட்டும் லைனில்தான் வேலைக்கு எடுத்தார்கள். ஹாக்கி ஆடுவேன் என்று தெரிந்ததும் ஒரு பெண்கள் டீம் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். ஸ்டிக்கை விறகுக்கட்டை மாதிரி பிடித்துக்கொண்டு நின்ற பெண்களை பெங்களூர் டீம்களே திரும்பிப் பார்க்கும்படி செய்தேன். டீமில் இருக்கிறவர்களுக்கு வருஷா வருஷம் கான்ட்ராக்டைப் புதுப்பிப்பார்கள். ஆகவே இது எங்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை, சோறு.

நல்ல கேப்டனுக்குத் தன் பெண்களைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். யார் மேட்சுக்கு முன்னால் சாப்பிட்டால் வாந்தி எடுப்பாள், யார் வயிற்று வலியை மறைத்துக்கொண்டு ஓடுவாள், யாருக்கு வீட்டிலிருந்து போன் வந்தால் பாத்ரூமில் போய் அழுவாள், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஹாஸ்டலில் அவர்களோடுதான் படுக்கிறேன். என் பேச்சைக் கேலி செய்வார்கள். நான் "ஏட்டி" என்று கூப்பிட்டால் அறை முழுக்க "ஏட்டி, ஏட்டி" என்று திருப்பிச் சொல்லிச் சிரிக்கும். எனக்கு அது பிடிக்கும்.

சரிதா கெலவரப்பள்ளிப் பெண். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். கோபம் அபூர்வமாகத்தான் வரும். அவள் அப்பா திம்மப்பன் விவசாயி, அணைத் தண்ணீரில் தக்காளி போடுகிறவர். மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் மொபெட்டில் ஒரு கூடை எங்களுக்கும் கட்டிக்கொண்டு வருவார். முன்வரிசையில் அவளைப் போல ஆட இந்த மாவட்டத்தில் ஆள் இல்லை. அவளை ஆக்கியது நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, உண்மை அதுதான்.

போன மாதம் மேனேஜர் நாராயணப்பன் சார் என்னைக் கூப்பிட்டார். உட்காரக்கூடச் சொன்னார்.

"இந்த வருஷம் சரிதா கேப்டனா இருக்கட்டும்மா. லோக்கல் பொண்ணு, சின்ன வயசு. உனக்கும் முப்பத்தி மூணு ஆச்சில்ல. கான்ட்ராக்ட் முடியற வரைக்கும் லைன்ல இரு. அப்பறம் பாக்கலாம்."

அப்புறம் பார்க்கலாம் என்றால் என்ன என்று லைனில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். ஊருக்குப் போனால் தீப்பெட்டி ஆபீஸ்தான். அம்மா இன்னும் அங்கேதான் குச்சி அடுக்குகிறாள். மருந்து வாடை அவள் சேலையை விட்டு எந்தச் சோப்புக்கும் போகாது. ஆனால் மேடம், நான் செய்ததற்கு அது காரணமில்லை. அப்படி எழுதிவிடாதீர்கள்.

அன்று சாயங்காலமே சரிதா என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"எனக்கு வேணாங்க்கா. நீங்களே இருங்க. நா சார்கிட்டச் சொல்லிடறன்."

"ஏட்டி, வந்ததை வேண்டாம்னு சொல்லக் கூடாது. நான் கூட இருப்பேம்லா," என்றேன்.

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். அப்போதே எனக்கு உறுதியாகத் தெரிந்தது, இவள் கேப்டனாக லாயக்கில்லை என்று. பொறாமை இல்லை, மேடம். அவளிடம் ஒரு பெரிய குறை இருந்தது. அவளுக்கு அடுத்தவளை அனுப்பத் தெரியாது. கேப்டன் என்றால் ஒருத்தியைப் பார்த்து, நீ போ, அடி வாங்கு என்று சொல்ல வேண்டும். சரிதா சொல்ல மாட்டாள், அவளே போய் நிற்பாள். அப்படிப்பட்ட கேப்டன் கையில் டீம் ஒரு வருஷம் தாங்காது. அத்தனை பெண்களும் அவரவர் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பெனால்டி கார்னரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். எதிர் டீமுக்கு அது கிடைத்தால் நாங்கள் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்போம். பந்து டி விளிம்பில் இருக்கும் அடிக்கிறவளுக்குப் போகும். அது கிளம்பிய நொடியில் எங்களில் ஒருத்தி அடிக்கிறவளை நோக்கி நேராக ஓட வேண்டும், பந்தைத் தன் மேல் வாங்குவதற்கு. ஃபர்ஸ்ட் ரன்னர் என்போம். முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டுதான் ஓடுவாள். எங்கள் டீமில் அது மணிமேகலையின் வேலை. நல்ல கால், ஆனால் பயந்த பெண். பிராக்டிஸில் எதிர் டீமுக்காக அடிக்கிறவள் எப்போதும் நான்தான்.

அந்த வாரம் முழுக்க மணிமேகலையிடம் பேசினேன். எங்கள் ஊரில் என்னோடு ஆடிய ஒரு பெண்ணுக்குப் பந்து பட்டுப் பல் கொட்டியதையும், அவளுக்குக் கல்யாணம் தட்டிப் போனதையும் சொன்னேன். பொய் இல்லை, நடந்ததுதான். அப்புறம் பிராக்டிஸ் அன்று சாமான் பையிலிருந்து மாஸ்க்குகளை எடுத்து என் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். பை என் பொறுப்பு. யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

மைதானத்தில் பையைக் கொட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, மறந்துட்டேன்டி," என்றேன். மணிமேகலைக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மாஸ்க் இல்லாம எனக்குப் பயமா இருக்குதுக்கா."

இப்போது கேப்டன் சரிதாதானே. அவள் பக்கம் திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான். அந்த இடத்தில் அவள் மணிமேகலையை அனுப்பியிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், பந்தைத் தரையோடு தள்ளிவிட்டு அடுத்த நாளே அவளுக்குக் கீழே மனதார ஆடியிருப்பேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

"நீ உக்காரு மணி, நா ஓடறன்," என்றாள் சரிதா. என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அடிக்கிறது அக்காதான, எனக்கென்ன பயம்."

பந்து வந்தது. அவள் நேராக ஓடி வந்தாள், நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே, கண்ணை மூடாமல்.

கம்பெனி வண்டியில் அவள் தலை என் மடியில்தான் இருந்தது. பெங்களூருக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். கர்நாடக எல்லையில், ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் லாரிகள் நகரவில்லை. நான் இறங்கி ஒவ்வொரு டிரைவரிடமும் கெஞ்சி வழி வாங்கினேன். எனக்குத் தெரிந்த அத்தனை ஜெபத்தையும் சொன்னேன். எல்லையைத் தாண்டும்போது அவள் கை என் கையில் கனத்துப் போயிருந்தது. அடக்கத்தன்று திம்மப்பன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எம் பொண்ண உம் பொண்ணு மாதிரி பாத்துக்கினியேம்மா," என்று அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை.

எல்லோரும் கல் என்றார்கள். பந்து கல்லில் பட்டு எகிறிவிட்டது, விதி என்றார்கள். நாராயணப்பன் சார் சொன்னார், நீங்களும் அதையே எழுதினீர்கள். கேப்டன் பொறுப்பை மறுபடியும் எனக்கே கொடுத்தார்கள். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் மணிமேகலை இருக்கிறாளே, தான் ஓடியிருந்தால் சரிதா பிழைத்திருப்பாள் என்று சாப்பாட்டை விட்டுவிட்டாள். ஷிஃப்ட் முடிந்ததும் மைதானத்துக்குப் போய் டி-க்குள் மண்டி போட்டு அந்தக் கல்லைத் தேடுகிறாள். கையால் மண்ணைக் கிளறிக் கிளறி நகம் பிய்ந்துவிட்டது. நேற்று மற்ற பெண்களும் அவளோடு உட்கார்ந்து தேடினார்கள். நான் ஓரமாக நின்று பார்த்தேன். என் மைதானத்தில் கல் இருந்தது என்று என் பெண்களே நம்புவதை என்னால் தாங்க முடியவில்லை, மேடம்.

அங்கே கல் இல்லை. அன்றும் நான்தான் பொறுக்கினேன், வழக்கத்தைவிடக் கவனமாக. பந்து எகிறவில்லை, நான் தூக்கினேன். ஸ்டிக்கின் முகத்தைக் கொஞ்சம் மல்லாத்தினால் பந்து மேலே ஏறும், எங்கே போக வேண்டுமோ அங்கே போகும். அவளுடைய நெற்றிப்பொட்டுக்குப் போக வேண்டும் என்று நினைத்தேன். அங்கேதான் போயிற்று.

இதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மணிமேகலையிடம் மட்டும் நீங்கள் யாரும் போய்ச் சொல்ல வேண்டாம். ஒரு தடவை என்னை அந்த மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள், கல் இல்லை என்று நானே அவளிடம் சொல்கிறேன். அவள் பயந்த பெண், மேடம். கேப்டன் சொன்னால்தான் நம்புவாள்.