ஒரே மணியில் எடுக்காத தொலைபேசி: ஜொவெந்தா கெம்பாபாசி அம்மையாருக்கு

“ஏக்கா, உங்க ஆபீசுல புதுசா ஒரு பொம்பள வந்திருக்காளே, அவளுக்கு வேற வேலையே இல்லையா? போன் மணி அடிச்ச உடனே எடுத்துடறா!”

கசோ ஊரின் பால் சேகரிப்பு நிலையத்தில், பால் கேனை இறக்கி வைத்த கையோடு, மாடு வளர்க்கும் முஹாங்கி உங்களிடம் கேட்ட கேள்வி இது. பாராட்டு மடலை இப்படித் தொடங்கலாமா என்று எங்களுக்குள் வாதம் நடந்தது. ஆனால் எங்கள் பிழைப்பு நிலைத்தது இந்தக் கேள்வியால்தான். எனவே அதை முதலில் வைத்துவிட்டோம்.

எங்கள் பால் நிறுவனத்தின் தொலைபேசிப் பிரிவுத் தலைவியே! மபராரா முதல் கசோ வரை மாட்டுப்பட்டிகளைக் குரலாலேயே அறிந்தவரே! கடிந்தாலும் கண்ணியம் குறையாதவரே! பணி நிறைவு பெறும் எங்கள் ஜொவெந்தா கெம்பாபாசி அம்மையாரே! வணக்கம்.

நீங்கள் பொறுப்பேற்ற காலத்தில் இந்த அறையில் கம்பி வைத்த தொலைபேசி ஒன்றும் சில கைபேசிகளும்தான் இருந்தன. ஒருவர் பேசினால் மற்றவருக்கு இணைப்பு கிடைக்காது. மழை பெய்தால் கம்பி ஊமையாகிவிடும். இணையத்தின் வழியே பேசும் தொலைபேசியை இந்த நிறுவனத்துக்குக் கொண்டுவந்தவர் நீங்கள். இயக்குநர் பியாருகாபா ஐயா தயங்கியபோது, “ஐயா, நம்பர் கட்டடத்துக்குச் சொந்தமில்ல, ஆளுக்குச் சொந்தம். ஆள் எங்க போறாளோ நம்பரும் பின்னாலயே போகும்” என்று எளிதாகச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தீர்கள்.

அப்படியே நடந்தது. கணினியில் மாட்டிய காதொலிப்பானில் அழைப்பு வந்தது. மின்சாரம் போனால் அதே அழைப்பு எங்கள் கைபேசிக்குத் தாவியது. எங்கள் நால்வரில் ஒருத்தியான நட்டுகுந்தாவின் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட வாரத்தில் அவள் வீட்டிலிருந்தே அலுவலக எண்ணில் பேசினாள். பின்னணியில் சேவல் கூவியதைத் தவிர யாருக்கும் வேறுபாடு தெரியவில்லை. அழைப்பவர் யார், எந்த ஊர், கடைசியாக என்ன குறை சொன்னார் என்பதெல்லாம் திரையில் தெரிந்தன. வண்டி வரும் நேரத்துக்கு ஒன்றை அழுத்துக, பாலின் விலைக்கு இரண்டை அழுத்துக என்று வரவேற்கும் குரலை நம் நியான்கோலே மொழியில் நீங்களே பதிவு செய்தீர்கள். இணைப்பு தந்த கம்பாலா நிறுவனத்தினர், “ஒரே மணியில எடுத்துடும், வாடிக்கையாளரைக் காக்க வைக்காது” என்று பெருமையாகச் சொன்னார்கள். நாங்களும் கை தட்டினோம்.

அதற்குப் பிறகு அழைப்புகள் குறையத் தொடங்கின. வாரத்துக்கு வாரம் திரையில் அழைப்புக் கணக்கைக் காட்டும் கோடு இறங்கியது. காதொலிப்பானை மாட்டிக்கொண்டு நாங்கள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பியாருகாபா ஐயா ஒரு நாள் வந்து நின்றார்.

“கெம்பாபாசி அம்மா, எந்திரமே எல்லாத்துக்கும் பதில் சொல்லிடுது போல. மனுசங்க கிட்ட பேச யாரும் காத்திருக்கல. அப்புறம் இந்த நாலு பொண்ணுங்க எதுக்கு?”

“ஐயா, மாடு பால் கறக்குறத நிறுத்தல. அப்ப போன் வர்றதும் நின்னிருக்காது. எங்கயோ அடைச்சிருக்கு.”

“மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. அடைப்பு எடுபடலேன்னா நாலு பேரையும் நிறுத்த வேண்டியதுதான்.”

“நிறுத்தறதுன்னா என் கிட்ட இருந்து ஆரம்பிங்க. எந்திரத்தைக் கொண்டுவந்தது நான், இவங்க இல்ல.”

ஓய்வுக்குச் சிறிது காலமே எஞ்சியிருந்த நிலையில் சொன்ன சொல் அது. நாங்கள் நால்வரும் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தோம். எங்களில் இருவர் வீட்டுக்கு வேறு வருமானம் இல்லை.

மறுநாள் நீங்கள் கணினியின் முன் உட்காரவில்லை. பால் வண்டியில் ஓட்டுநர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கசோவுக்குப் போனீர்கள். அங்கேதான் முஹாங்கி அந்தக் கேள்வியைக் கேட்டார். பிறகு நடந்ததை ஓட்டுநர் நடித்தே காட்டிவிட்டதால் எங்களுக்கு மனப்பாடம்.

“அந்தப் பொம்பள நான்தான் தம்பி.”

“நீங்களா! பார்த்தா நல்ல குடும்பத்துப் பொம்பள மாதிரி இருக்கீங்க. என் போன்ல இருக்கிற காசைத் திங்க எப்படிக்கா மனசு வந்துச்சு? நான் எப்பவும் ஒரு மணி அடிச்சு வெச்சிடுவேன், உங்க பொண்ணுங்க திருப்பிக் கூப்பிடுவாங்க. இப்ப வைக்கிறதுக்குள்ள எடுத்துட்டு, ஒண்ணை அழுத்து ரெண்டை அழுத்துன்னு பாடுறீங்க. பாட்டு முடியறதுக்குள்ள காசு முடிஞ்சிடுது.”

“இவ்ளோ மாடு வெச்சிருக்கிற, ஒரு போனுக்குக் காசில்லையா?”

“மாடு இருக்குக்கா. மாட்டைப் போன்ல ஏத்த முடியுமா?”

கேன் தூக்கியவர்கள் எல்லோரும் சிரித்தார்களாம். நீங்களும் சிரித்துவிட்டு உடனே வண்டியின் நிழலுக்குப் போய்க் கம்பாலாவுக்குப் பேசினீர்களாம்.

நாம் எல்லோரும் மிஸ்டு கால் கொடுத்து வளர்ந்தவர்கள். அம்மாவுக்கும் அத்தானுக்கும் இன்றும் ஒரு மணி அடித்து வைப்பவர்கள். ஆனால் கை தட்டிய அன்று அது ஒருவருக்கும் நினைவு வரவில்லை. எந்திரம் ஒரே மணியில் எடுத்தால் நல்லது என்று நாமே நம்பினோம். வெளியூர்க்காரர்கள் செய்திருந்தால் அறியாமை என்று சொல்லலாம். நாம் செய்ததற்கு என்ன பெயர் வைப்பது?

கம்பாலா தொழில்நுட்பப் பையன் முதலில் மறுத்தான். “எல்லாரும் சீக்கிரம் எடுக்கச் சொல்வாங்க, எடுக்க வேணாம்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான்” என்றான். “எடுக்க வேணாம்னு சொல்லல தம்பி. கொஞ்சம் நாகரிகமா மணி அடிக்க விடுன்னு சொல்றேன்” என்றீர்கள். சில மணி அடித்த பிறகே எந்திரம் எடுக்க வேண்டும், அதற்குள் வைத்தவரின் எண் தானாக எங்கள் வரிசைக்கு வர வேண்டும், ஒரு சொடுக்கில் நாங்கள் திருப்பிக் கூப்பிட வேண்டும் என்று மாற்ற வைத்தீர்கள். செலவு நம்முடையது. இணையத்தில் பேசுவதால் அதுவும் பெரிதாக இல்லை. பிறகு பால் வண்டி ஓட்டுநர்களிடம் ஒரே ஒரு செய்தி சொல்லி அனுப்பினீர்கள். “அந்தப் பொம்பள இப்ப உடனே எடுக்கறதில்லன்னு ஊரெல்லாம் சொல்லுங்க.” எந்த விளம்பரமும் அவ்வளவு வேகமாகப் போயிருக்காது.

எந்திரத்தோடு நீங்கள் பகை கொண்டதே இல்லை. அண்மையில் நம் மொழியைக் கேட்டுத் தானே பதில் சொல்லும் புதிய குரல் எந்திரத்தைக் காட்ட வந்தார்கள். “பசு கன்னு போட முடியாம கிடக்கு” என்றீர்கள். அது அலுவலக நேரத்தைச் சொன்னது. நாங்கள் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. “வண்டி எப்ப வரும்னு கேக்குறவங்களுக்கு இது போதும், வெச்சுக்கலாம். மாடு கிடக்குன்னு சொன்னா மட்டும் அந்த நொடியே மனுசங்க கைக்கு வந்துடணும்” என்றீர்கள். இனி வரப்போகும் எந்திரங்களுக்கெல்லாம் அதுதான் எங்கள் அளவுகோல்.

உங்களிடம் குறையே இல்லை என்று எழுத முடியாது. தேநீரில் நீங்கள் போடும் இஞ்சி தொண்டையை எரிக்கும். விடுப்பு கேட்டால் முதலில் முறைத்துவிட்டுத்தான் தருவீர்கள். தருவீர்கள் என்பதால் முறைப்பைப் பொறுத்துக்கொண்டோம்.

பணியில் நிறைந்தவரே! இனி உங்கள் காலைகள் உங்களுடையவையாக இருக்கட்டும். முழங்கால் வலி குறையட்டும். பட்டியில் பசுக்களும் வீட்டில் பேச்சும் பெருகட்டும். உடல்நலத்தோடு நெடுங்காலம் வாழ உளமார வாழ்த்துகிறோம்.

ஒன்று மட்டும் சொல்லக் கடன்பட்டிருக்கிறோம். அந்த மாதக் கடைசி நாளில் நீங்கள் இபாண்டாவில் ஓட்டுநர்களோடு இருந்தீர்கள். “ஐயா என்ன சொன்னாரு?” என்று பிறகு பலமுறை கேட்டீர்கள். “ஒண்ணும் சொல்லல” என்றோம். நீங்கள் நம்பவில்லை. நடந்தது இதுதான்.

காலைக் கறவை முடியும் நேரத்தில் ஐயா எங்களிடம் முடிவைச் சொல்ல வந்தார். உட்காராமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது தொலைபேசி ஒரு மணி அடித்து நின்றது. உடனே இன்னொன்று. அடுத்து வேறொன்று. எதையும் யாரும் எடுக்கவில்லை. திரையில் கசோ, இபாண்டா, இசிங்கிரோ என்று ஊர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிறைந்தன. நாங்கள் நால்வரும் திருப்பிக் கூப்பிடத் தொடங்கினோம். ஐயா வாய் திறந்தார். நட்டுகுந்தா அவரைப் பார்க்காமலே ஒரு விரலை உயர்த்திப் பொறுக்கச் சொன்னாள். எதிர்முனையில் இருந்தவரிடம் அவர் மாடுகளின் நலம் கேட்டாள். கன்றுகளின் நலம் கேட்டாள். மனைவியின் நலம் கேட்டாள். பிறகுதான் பாலுக்கு வந்தாள். ஐயா அவ்வளவு நேரமும் நின்று கேட்டார். பிறகு நாற்காலியைச் சத்தமில்லாமல் மேசைக்கடியில் தள்ளிவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் வெளியே போனார்.

என்றும் உங்கள் அன்பில்,
தொலைபேசிப் பிரிவினரும் பால் வண்டி ஓட்டுநர்களும்
மபராரா