ஞாயிற்றுக்கிழமை பெஸ்ட்

ஹலோ… ஆங், ஹெப்ரானா? சொல்லுலே… என்னது?… இரு, இரு, மிஷின் சத்தத்துல ஒண்ணுங் கேக்கல. அண்ணாச்சி, அத செத்த நிறுத்துங்க. என் தம்பி. ஆமா, கனடாத் தம்பிதான்… ம், இப்ப சொல்லு.

… ஆமா, மணிராஜ் அண்ணாச்சி கல்லுப் பட்டறையிலதான் நிக்கேன்… ஆமா, நாந்தான் வெட்டவிடாம நிறுத்துனேன்… நாந்தாம்லே! அம்மா கல்லறைக்குக் கல்லு வைக்கோம். நீ பாட்டுக்கு எனக்குத் தெரியாம அண்ணாச்சிக்கு ஃபோனப் போட்டு, அத வெட்டுங்க இத வெட்டுங்கன்னு… என்னது, எனக்கு சர்ப்ரைஸா? நல்லாருக்குலே. கல்லறையில போயி யாராவது சர்ப்ரைஸ் வைப்பாகளா?

… படிச்சேன், படிச்சேன். சாக்பீசுல எழுதி வச்சிருக்காரு. ‘வேர்ல்ட்ஸ் பெஸ்ட் மதர்’. அதுக்குக் கீழ ‘அன்பு மகன் ஹெப்ரான்’… ஆமா, எம் பேரும் இருக்கு, இருக்கு. ஓரத்துல, கல்லு முடியுத இடத்துல. ‘சாலோமி’ன்னு எழுத இடம் பத்தாம, கடைசி எழுத்து நெருக்கிக்கிட்டுக் கெடக்கு.

… கோவமா? எனக்கென்னலே கோவம்? நான் இங்கிலீஷ் டீச்சரு. தப்பு இருந்தா செவப்பு மையில அடிச்சே பழகுன கை… எழுத்துல தப்பு இல்ல. நீ எழுதுனதுதான் தப்பு. ஆறாங்கிளாசுப் பிள்ளைகளுக்கு நடத்துத பாடத்த உனக்கும் எடுக்கேன், கேட்டுக்க. குட், பெட்டர், பெஸ்ட். ஒரு மாம்பழத்த நல்லாருக்குன்னு சொல்லணும்னா, அத ஒண்ணத் தின்னாப் போதும். பெஸ்ட்னு சொல்லணும்னா கூடையில உள்ள அம்புட்டையும் தின்னு பாத்திருக்கணும். உலகத்துலயே பெஸ்ட் அம்மாங்கியே, நீ எத்தன அம்மாவப் பாத்தலே?… சரி, ஊர் அம்மாவ எல்லாம் விடு. நம்ம அம்மாவ எத்தன தடவ வந்து பாத்த?

… லீவு கெடைக்கல. ஆமா… பிள்ளைகளுக்குப் பரீட்சை. ஆமா, ஆமா… பனி. அடக்கத்தன்னைக்கும் பனிதான். உங்க ஊர்ல எங்க வீட்டு நல்லது கெட்டதப் பாத்துத்தான் பனி கொட்டும்போல… வீடியோவுல பாத்த, தெரியும். நானும் உன்னையப் பாத்தேன்லா. பெட்டியக் குழிக்குள்ள எறக்கும்போது நீ காப்பி குடிச்சிக்கிட்டிருந்த… சரி, டீ. டீயின்னே வச்சிக்க.

… சும்மா குத்திக் காட்டலலே. நீ கேக்க, அதனால சொல்லுதேன். பெட்ஷீட்ட அலசுனது நானு. முதுகுல புண்ணு வந்தப்பம் பெரட்டிப் போட்டது நானு. முக்கூடல்ல வேலையிருந்தும் தெனமும் பஸ்ஸப் பிடிச்சு பாளையங்கோட்டைக்கு அம்மாட்ட ஓடியாந்தது நானு. நான் ஒரு நாளாவது அம்மாவ பெஸ்டுன்னு சொல்லிருக்கேனா? எனக்கு அம்மாவத் தெரியும்லே. தெரிஞ்சவுக யாரும் அப்படிச் சொல்லமாட்டாக.

… அழாத… ஏலே, அழாதங்கேன். சனிக்கெழம கல்லு வச்சு ஜெபம். அதுக்கு சர்ச்சுக்குப் போயி பாஸ்டர் ஐயர்ட்ட நேரங் கேக்கணும். எனக்குச் சோலி கெடக்கு.

… என்னது?… அம்மா உன்ட்ட சொன்னாளா?… எப்பம்?… ம்… ஞாயித்துக்கெழம ஃபோன்லயா… ம்… கடைசியா பேசுன அன்னைக்கும்… ‘நீதான் பெஸ்ட் பிள்ள’ன்னு… ம், ம். அதான் நீயும் பதிலுக்கு ‘பெஸ்ட் அம்மா’ன்னு கல்லுல… ஓஹோ. அத நெனச்சுக்கிட்டுத்தான் ராத்திரி ஒறங்குதியா.



… ஹெப்ரானு, ஒண்ணு கேக்கேன், யோசிச்சுச் சொல்லு. நீ பத்தாங்கிளாசுல ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்த அன்னைக்கு அம்மா என்ன சொன்னா?… ஆங், நல்லா ஞாபகம் இருக்கே. ‘சரி, கைய கழுவிட்டு சாப்பிடு’ன்னா. உனக்கு விசா வந்த அன்னைக்கு?… அன்னைக்கும் அதான். அம்மா வாயில ‘நல்லாருக்கு’ன்னு வரதே பெரும்பாடு. அவளுக்கு எங்க இருந்துலே ‘பெஸ்ட்’ வந்துச்சு?… வயசாயி மனசு எளகிட்டுதா? கோட்டிக்காரப் பயலே. அது என் வார்த்த. நாந்தான் அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்தேன்.

… ஆமா… ஆமாங்கேன்லா. பக்கத்துல உக்காந்து, அவ காதுல… வெளையாடலலே. அண்ணாச்சி, இந்தப் பலகையில உக்காரட்டா?… ம்.

… அம்மாவுக்கு மறதின்னு உன்ட்ட சொன்னேம்லா?… ஆமா, கொஞ்சம் மறதின்னுதான் சொன்னேன். கொஞ்சம் இல்ல. ஒரு ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போயிட்டு வந்து, நீ கூப்பிடுதன்னு ஃபோன அவ காதுல வச்சேன். ‘யாரு பேசுதது?’ன்னா. உம் மகன்னேன். ‘எனக்குப் பிள்ளையே இல்லையே, நர்சம்மா’ன்னா… நர்சம்மான்னது என்னையத்தான்.

… அன்னைக்கு சிக்னல் இல்லன்னு சொல்லி கட் பண்ணிட்டேன், ஞாபகமிருக்கா? நீ ராத்திரி பூரா மெசேஜா போட்டுத் தள்ளுன. அம்மா ஏன் பேசல, அம்மாவுக்கு எம்மேல கோவமா, அம்மாகிட்ட குடு, அம்மாகிட்ட குடுன்னு. சீ, இந்தச் சவத்துப் பயலோட யாரு மாரடிக்கதுன்னு, மறுவாரத்துக்குள்ள அம்மாவப் பழக்கிவிட்டேன்… பழக்கித்தான். எல்கேஜிப் பிள்ளைக்குப் பாட்டுப் பழக்குவாகள்லா, அப்படி. உடன்குடிக் கருப்பட்டிய ஒடச்சுக் கையில வச்சிக்கிடுவேன். ‘நீதான் பெஸ்ட் பிள்ள’ன்னு சொன்னா வாயில ஒரு துண்டு. சொல்லலைன்னா கெடையாது.

… நெசமாத்தான். சுகர் இருக்கு, இனிப்பக் கண்ணுல காட்டாதீங்கன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. உனக்காகத்தாம்லே குடுத்தேன்.

… ஏன் நம்பமாட்டேங்க? ஃபோன அவ காதுல வச்சதும், நீ ஹலோன்னு சொல்லுததுக்கு முந்தியே, அவசர அவசரமா சொல்லுவாளே. ‘நீதான் பெஸ்ட் பிள்ள, நீதான் பெஸ்ட் பிள்ள’ன்னு… உம்மேல உள்ள ஆசையா? இல்லலே. அந்த அவசரம் கருப்பட்டிக்கு. கண்ணு பூரா எங்கையிலதான் இருக்கும்.

… பேசுனாளா? என்ன பேசுனா? நீதான ஆபீசு, வீடு, கார் டயருன்னு உன் கதைய அளப்ப. அம்மா ‘ம்… ம்…’னு இருப்பா. ‘நான் சொல்லுதத எல்லாம் அம்மா கருத்தா கேக்கா’ன்னு சித்தி மககிட்டகூட பெருமையடிச்சியாம்லா? வாயில கருப்பட்டி கெடந்துச்சுலே. பெறகு எப்படிப் பேசுவா?





… இவ்வளவு நாளு சொல்லாதத இப்பம் ஏன் சொல்லுதேனா? நீ கல்லுல வெட்டப் போனியே, அதான். ஃபோன்ல சொன்னது காத்தோட போச்சு. உனக்கும் சந்தோசம், எனக்கும் தொல்ல விட்டுச்சு. கல்லுல வெட்டுனா, நான் பூ வைக்கப் போற அன்னைக்கெல்லாம், நான் கருப்பட்டி குடுத்து வாங்குன வார்த்தைக்கு நீ குடுத்த பதில நானே படிக்கணுமா? உனக்கென்ன, நீ ஃபோட்டோவுல பாப்ப.

… என்ன கேக்க?… சத்தமாச் சொல்லு… ஒரு தடவையாவது, அவளா, மனசுல இருந்தா?… இல்ல… இல்லலே… ஒரு தடவகூட இல்ல. எத்தன தடவ கேட்டாலும் அதான்.

… ‘பெஸ்ட்’னு ஏன் சொல்லிக் குடுத்தேனா? நல்ல கேள்வி. படிச்சவன்லா. நாம ரெண்டே பேரு. ரெண்டு பேருல நீ பெட்டர்னா, அது என்னையவிட ஒசத்தின்னு ஆயிரும். அத என் வாயால எடுத்துக்குடுக்க என்னால முடியல. பெஸ்ட்னா ஊரு உலகத்துல எவனையும்விட ஒசத்தியா இருந்துட்டுப் போறான்னு விட்டேன்.

… என்ன?… என்னலே சொன்ன?… நான் பெஸ்ட் அக்காவா?

சொல்லாத. அந்த வார்த்தைய எங்கிட்டச் சொல்லாத. உன் வாயில போட எங்கையில கருப்பட்டி இல்ல.

… தேங்க்ஸா? வச்சிக்க. அத நீயே வச்சிக்க. நான் உனக்காகச் செய்யலலே. நீ அழுதா எனக்குக் கேக்கப் பிடிக்கல, அம்புட்டுத்தான்… ஆமா, இப்பம் பிடிக்குது. இப்பம் நல்லா அழு. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

… இன்னொண்ணும் கேட்டுட்டுப் போ. நீ அங்கன இருந்து கூப்பிட்டா, உனக்குச் சொல்லச் சொல்லி நான் அம்மா பக்கத்துல இருந்தேன். எனக்கு ஒரு தடவ சொல்லச் சொல்லி, அவ காதுல எடுத்துக்குடுக்க யாருலே இருந்தா? சாகுத வரைக்கும் நான் நர்சம்மாதான்… ஹலோ?… ஏலே ஹெப்ரானு… ஹலோ?…

வச்சிட்டான்.

… ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நீங்க வேலையப் பாருங்க. ‘கிரேஸ் பாக்கியம்’னு அம்மா பேரு, பொறந்த தேதி, செத்த தேதி. அது போதும். அந்த பெஸ்ட அழிச்சிருங்க… மகன் பேரா? அதையுந்தான். ஈரத்துணி வச்சு நல்லா தொடைங்க, தடம் தெரியக் கூடாது… எம் பேரா?

அவளுக்குத்தான் பிள்ளையே இல்லையே. மிஷினப் போடுங்க.