வாட்டாத இரும்பு

துருவை எடுப்பது கஷ்டமான வேலை இல்லை. பொறுமை இருந்தால் போதும். அகிலாண்டத்துக்குப் பொறுமை ஜாஸ்தி என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். என்னைப் பற்றி நல்லதாகச் சொன்னது அது ஒன்றுதான்.

மாஜிஸ்டிரேட் அவர்களுக்கு வழக்கு நினைவிருக்கும். ஆனாலும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணா அனந்தராமன் ஹெல்த் இன்ஸ்பெக்டர். மதுரையிலிருந்து திருமங்கலம் வரை கிராமம் கிராமமாகப் போய்க் காலரா ஊசி போடுவதும் கிணறுகளில் மருந்து கலப்பதும் அவர் வேலை. அதற்காக ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். முதல் யுத்தம் முடிந்த சமயம் ஒரு துரை ஊருக்குத் திரும்பும்போது விற்றது. அதற்கு ஏறக்குறைய என் வயது. 1943 மே மாதம் ஒரு நாள் அதன் சீட்டு ஒரு பக்கம் இறங்கிவிட்டது. தோலை உரித்துப் பார்த்ததில் அடித்தகடு துருவேறி, கைபட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. பின்பக்கம் சீட்டைத் தாங்கும் இரண்டு ஸ்பிரிங்குகளிலும் துரு பொருக்குப் பொருக்காக இருந்தது. யுத்த சமயத்தில் புதுச் சாமான் கிடைக்காது. இருப்பதைச் சரிசெய்ய அவனியாபுரத்திலிருந்து தகர வேலை செய்யும் தவசியை வரவழைத்தார்.

அதே மாதம் எனக்கு வேலை உத்தரவு வந்திருந்தது. திருமங்கலத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சர். தங்குவதற்கு அறையும் உண்டு. ஜூன் பதினைந்துக்குள் சேரவேண்டும். கல்யாணமாகாத பெண் என்பதால் வீட்டுப் பெரியவர் கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டும். அண்ணா அதைப் படித்து நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவும் இல்லை, கையெழுத்துப் போடவும் இல்லை. கேட்டால் "பாக்கலாம்" என்பார். சில நாள் சாப்பிடும்போது அவராகவே ஆரம்பிப்பார்.

"இன்னிக்கும் உன் பள்ளிக்கூடத்து வழியாத்தான் வந்தேன். கேட்டைப் பூட்டி வெச்சிருக்கா. நீ வந்துதான் திறக்கணுமாம்."

குழந்தைக்கு ஊட்டிக்கொண்டே பட்டு மன்னி சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

எங்கள் வீட்டில் வாசல் கதவிலிருந்து கொல்லைக் கதவு வரை முப்பத்தொரு அடி. மெட்ராஸிலிருந்து படிப்பு முடித்து வந்த பதினான்கு மாதங்களில் வாசல் கதவைத் தாண்டியது ஆறு முறை. ஆறும் கோவிலுக்கு, மன்னியோடு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்பவர்களுக்கு அளவு தெரியவேண்டும்.

தவசி கொல்லையில் உட்கார்ந்து தகட்டை வெட்டி ஒட்டுப்போட ஆரம்பித்தான். துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிடலாம் என்றான்.

"நீ ஒரு நாள் பூரா தேச்சுண்டிருப்பே," என்றார் அண்ணா. "உள்ளே ஒரு பி.எஸ்ஸி. சும்மா உக்காந்திருக்கு. நாலு வருஷம் கண்ணாடிக் குழாயை ஆட்டினது இதுக்காவது ஆறதான்னு பாப்போம். ஏண்டி, ஆசிட்ல போட்டாத் துரு போகாதோ?"

போகும் என்றேன்.

"ஸ்பிரிங்குக்கு ஆசிட்டு ஆகாது சாமி," என்றான் தவசி.

"நீ எந்தக் காலேஜ்ல படிச்சே?" என்றார் அண்ணா. தவசி மறுபடி தகட்டை வெட்ட ஆரம்பித்தான்.

தவசி சொன்னது சரி. கெட்டியான எஃகை ஆசிட்டில் போட்டால் துரு போகும். அதோடு ஹைட்ரஜன் என்ற வாயு எஃகுக்குள் புகுந்துகொள்ளும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும்பும். பாரம் தாங்கிக்கொண்டே இருந்து, சில நாள் கழித்து ஒரு நேரத்தில் சொல்லாமல் ஒடியும். கல்லூரியில் எங்கள் லெக்சரர் கடிகார ஸ்பிரிங்கை வைத்து இதைச் செய்து காட்டினார். அதற்குப் பரிகாரமும் சொன்னார். ஆசிட்டிலிருந்து எடுத்த உடனே சில மணி நேரம் நல்ல அனலில் வாட்டினால் வாயு வெளியேறிவிடும், இரும்பு பழையபடி ஆகிவிடும்.

ஆகவே நான் செய்யவேண்டியது இரண்டே காரியம். ஆசிட்டில் போடுவது, அனலில் வாட்டுவது.

காலையில் ஸ்பிரிங்குகளை ஆசிட் ஜாடியில் போட்டேன். இருபது நிமிஷத்தில் துரு போய்விட்டது. மாலையில் எடுத்தேன். பிறகு அண்ணாவிடம் போய், இதைச் சமையலறை அடுப்பில் கொஞ்சம் வைக்கலாமா என்று கேட்டேன்.

"தோல் பட்ட இரும்பை மடி அடுப்புலயா? புத்தி கெட்டுப் போச்சா நோக்கு? மன்னி அப்புறம் ஒரு வாரம் அடுப்பை மெழுகணும்."

சரி என்று வந்துவிட்டேன். அவர் சொல்லை மீறி அந்த வீட்டில் நான் எதுவும் செய்ததில்லை. அன்றும் செய்யவில்லை. இதை மாஜிஸ்டிரேட் அவர்கள் கவனிக்கவேண்டும்.

கொல்லையில் வெந்நீர் அடுப்பு ஒன்று இருந்தது. அது உண்மைதான். அதற்கு மடி, ஆசாரம் எதுவும் கிடையாது. அன்று மாலை அதில் கங்கு இருந்தது. நான் நின்றிருந்த இடத்திலிருந்து நாலு அடி. அதைப் பற்றி அண்ணாவிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பார். அதனால்தான் கேட்கவில்லை.

மறுநாள் காலை தவசி மாட்டுவதற்கு வந்தான். ஸ்பிரிங்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வெள்ளி மாதிரி ஆக்கிப்புட்டீகளே. ஆனா தாயி, ஆசிட்டுல கெடந்த ஸ்பிரிங்க அனல்ல வாட்டாம மாட்டக் கூடாதுன்னு எங்க மேஸ்திரி சொல்லுவாரு. வாட்டியாச்சா?"

அவன் அதைக் கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தெரிந்தவன் ஒருவன் இருக்கிறான் என்று ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"ஆச்சு," என்றேன்.

"அப்பச் சரி. படிச்ச பிள்ளைக்கு நான் சொல்லணுமாக்கும்," என்று சிரித்துக்கொண்டே மாட்டினான்.

அண்ணா வந்து சீட்டை மூன்று தரம் அழுத்திப் பார்த்தார். உட்கார்ந்து குதித்துப் பார்த்தார். "தேவலையே, பி.எஸ்ஸி.," என்றார். எந்தக் கேலியும் இல்லாமல் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதனால் நான் மனம் மாறியிருக்கவேண்டும் என்று படிப்பவர்களுக்குத் தோன்றலாம். மாறவில்லை.

அவர் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு கால் ஒடிந்தால் ஆறு வாரம் படுத்திருப்பார் என்று கணக்குப் போட்டிருந்தேன். படுத்திருப்பவரிடம் கையெழுத்து வாங்குவது சுலபம். பத்தியச் சாதம் வடிப்பது, கட்டு மாற்றுவது எல்லாம் நானே செய்வதாக இருந்தேன். பழைய துணியைக் கிழித்துச் சுருட்டி அலமாரியில் தயாராக வைத்திருந்தேன். அவர்மேல் எனக்கு இருந்த அக்கறைக்கு இதுவே சாட்சி.

வண்டியைத் தினமும் துடைத்து வைப்பது என் பொறுப்பு. ஆறாம் நாள் இடது ஸ்பிரிங்கின் உள்வளைவில் மயிரிழை மாதிரி ஒரு கீறல் தெரிந்தது. வெறும் கண்ணில் படாது. எங்கே பார்க்கவேண்டும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் படும். அதன்மேல் எண்ணெய் தடவினேன். கீறலில் துரு ஏறக் கூடாதே என்றுதான்.

ஒன்பதாம் நாள் காலை திருப்பரங்குன்றம் தாண்டி ஸ்பிரிங் ஒடிந்தது. சீட்டு சாய்ந்து அவர் இடதுபக்கமாக விழாமல் வலதுபக்கமாக விழுந்தார். எதிரே, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ் வந்துகொண்டிருந்தது. இடதுபக்கம் வெறும் கரிசல் மண். ஒடிந்த பக்கம்தான் சாயும் என்று நான் போட்ட கணக்கு தப்பு. ஒடிந்ததும் அவர் மறுபக்கமாக எம்பியிருக்கவேண்டும். அதை நான் யோசிக்கவில்லை. தவறு என்றால் அதைத்தான் சொல்வேன்.

பெரியப்பா கைலாசநாதன் வந்து எல்லாக் காரியத்தையும் நடத்தினார். பதின்மூன்றாம் நாள் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். மன்னியையும் குழந்தையையும் காப்பாற்ற வீட்டில் ஒருவர் சம்பாதிக்கவேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் சேருவதற்கு ஒரு வாரம் கூடுதலாகத் தந்தார்கள். இன்றுவரை மன்னிக்கு நான் எந்தக் குறையும் வைக்கவில்லை.

ஸ்பிரிங்கை மாட்டியவன் என்று தவசியைப் போலீஸ் பிடித்தது. கோர்ட்டில் அவன், "அந்தத் தாயி வாட்டியாச்சுன்னு சொன்னாக," என்றான். என்னைக் கூப்பிட்டார்கள். மாஜிஸ்டிரேட் அவர்கள் என்னிடம் கேட்டது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"குழந்தே, பயப்படாதே. ஸ்பிரிங்கு, இரும்பு இதெல்லாம் பத்தி நோக்கு ஏதாவது தெரியுமோ?"

"தெரியாது," என்றேன்.

"எப்படித் தெரியும்," என்று தாங்கள் வக்கீலைப் பார்த்துச் சொன்னீர்கள். கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நான் பி.எஸ்ஸி. என்பது தங்கள் முன்னால் இருந்த காகிதத்தில் எழுதியிருந்தது. யாரும் அதைப் படிக்கவில்லை. நான் பொய் சொன்னேன் என்பதைவிட, என்னை நம்பினார்கள் என்பதே பொருந்தும்.

அஜாக்கிரதையால் மரணம் உண்டாக்கியதாகத் தவசிக்குப் பதினெட்டு மாதம் கிடைத்தது.

அவன் மனைவி ராமக்காள் இப்போது திருமங்கலத்தில் பஞ்சு ஆலையில் வேலை செய்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாது. சனிக்கிழமை என் அறைக்கு வந்து, திருச்சி ஜெயிலிலிருந்து வரும் கடிதங்களை வாசிக்கச் சொல்வாள். பதிலும் நான்தான் எழுதித் தருகிறேன்.

"செத்தவுக தங்கச்சியே எங்களுக்கு எழுதிக் குடுக்குதுன்னு ஊருல அம்புட்டுப் பேரும் பேசுறாக, டீச்சரம்மா," என்பாள். "வேற யாரு செய்வா?"

தவசி ஒவ்வொரு கடிதத்திலும் ஒன்றையே கேட்கிறான். எங்கே தப்புப் பண்ணினேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஆணி அடித்ததிலா, ஓட்டை போட்டதிலா, தெரிந்தவர்கள் யாரிடமாவது கேட்டு எழுது என்கிறான். ராமக்காள் என் முகத்தைப் பார்ப்பாள். பிறகு, தனக்குத் தெரியவில்லை என்று அவள் சொல்வதை அப்படியே எழுதுவேன். அவள் சொல்வதில் ஒரு வார்த்தை கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை.

ஒரு குற்றமும் செய்யாதவன் ஜெயிலில் இருப்பதை நான் சகித்துக்கொள்கிறவள் இல்லை. அவனை விடுவிக்கவேண்டும் என்றுதான் இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன். ஆசிட்டில் அதிக நேரம் போட்டது நான். வாட்டாமல் விட்டது நான். வாட்டியாச்சு என்று சொன்னதும் நான். இதில் தவசிக்குச் சம்பந்தம் எதுவும் இல்லை.

மார்ச் கடைசியில் பெண்களுக்குப் பரீட்சை. நடுவில் டீச்சர் மாறினால் அவர்களுக்குக் கஷ்டம். அது முடிந்து, விடைத்தாள் திருத்திக் கொடுத்ததும் இதைத் தபாலில் சேர்த்துவிடுவேன். ஏப்ரல் பத்தாம் தேதி அவனுக்குத் தண்டனை முடிகிறது என்று ராமக்காள் சொன்னாள். அதற்குள் தங்கள் கைக்குக் கிடைத்துவிடும்.