தம்பி கட்டிய இன்ஜின்

உங்கள் நாற்காலியில் ஒரு கால் ஆடுகிறது, சார். ஸ்பேனர் இருந்தால் பேசிக்கொண்டே முடுக்கிவிடுவேன். இல்லையென்றால் பரவாயில்லை, ஆடிக்கொண்டே சொல்கிறேன்.

கார் தம்பியுடையது, ஷெட் என்னுடையது. இன்ஜினை இறக்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, புது பிஸ்டன் போட்டு, பழைய டர்போவை எடுத்துவிட்டுப் பெரியதை ஏற்றியது நான். டர்போ என்றால் வேறொன்றுமில்லை. புகை வெளியேறும் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற விசிறி. தணலாய்ச் சுடும். அதற்கு எண்ணெய் கொண்டுபோக ஒரு மெல்லிய குழாய் உண்டு. தம்பி எப்போதாவது ஷெட்டுக்கு வருவான், கையில் கொஞ்சம் கிரீஸைத் தடவிக்கொண்டு படம் எடுப்பான், போய்விடுவான்.

எனக்கு ஒரு பழக்கம். ஒரு நட்டைக் கடைசிவரை முடுக்கியதும் அதன் தலையில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு புள்ளி வைப்பேன். புள்ளி இருந்தால் வேலை முடிந்தது, யாரும் தொட வேண்டியதில்லை. இன்ஜினைப் பற்றித் தம்பிக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். புள்ளிகளைப் பார்த்துப் பெரிய மேஸ்திரி மாதிரி தலையாட்டுவான்.

வண்டி முதன்முதலாக உறுமிய அன்று அவன் கூட்டாளிகள் வந்திருந்தார்கள். யார் கட்டியது என்று ஒருவன் கேட்டான். தம்பி என் தோளில் கைபோட்டான்.

"எல்லாம் நான்தான். அண்ணன் நல்ல எடுபிடி, கேட்ட ஸ்பேனரைக் கரெக்டா எடுத்துக் குடுப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வயிறு பற்றி எரிந்தது. இப்போதும் எரிகிறது, ஆனால் அதற்காகக் குரலை உயர்த்த மாட்டேன்.

அவர்கள் போனபிறகு எண்ணெய்க் குழாயின் நட்டைத் தளர்த்தி, விரலால் மட்டும் திருகி வைத்தேன். அதன்மேல் புதிதாக ஒரு புள்ளியும் வைத்தேன்.

மறுநாள் தம்பியும் அவன் மனைவியும் மலைப்பாதையில் போவதாக இருந்தது. கிளம்பும் முன் அவள் ஷெட்டுக்கு வந்தாள். நல்ல பெண், என்னிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

"மாமா, இவர் ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கிறாரு. செஞ்சது நீங்கதான்னு எனக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க, தைரியமா ஏறலாமா?"

"அவனையே கேளும்மா," என்றேன். "கட்டினது அவன்தானே."

நான் கேலி பேசுவதாக நினைத்துச் சிரித்துக்கொண்டே போய் ஏறிக்கொண்டாள். ஏற்றத்தில் நட்டு கழன்று, எண்ணெய் டர்போமேல் பீய்ச்சித் தீப்பிடித்தது. இரண்டு பேருமே வெளியே வரவில்லை.

அவளை நான் நினைக்காமல் இல்லை. ஆனால் அவளும் அந்த வார்த்தையை நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கலாம்.

நீங்கள் விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். என்மேல் யாருக்கும் சந்தேகமில்லை, நான் பாட்டுக்கு வீட்டில் இருந்திருக்கலாம். மனசாட்சி உறுத்தியதால்தான் வந்தேன். உங்கள் அறிக்கையில் 'இறந்தவர் தாமே கட்டிய இன்ஜின்' என்று ஒரு வரி இருக்கிறதே, முதலில் அதை அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள்.