தாஜ்மகால் வாசலில் தண்ணீர்ப்பானை

பர்மாத் தலைநகரின் பபேடான் பகுதியில் டிராம் ஏறிய தமிழ்க் கொத்தனார் ஒருவர், ஆக்ராவுக்கே போய் வந்தவர்போலத் தன் பர்மாக்கார மனைவியிடம் அளந்துகொண்டிருந்தார்.

"செத்துப்போன பொண்டாட்டிக்காக பாதுஷா கட்டினது. அம்புட்டும் வெள்ளைப் பளிங்கு. நீ போயிட்டா உனக்கும் ஒரு தாஜ்மகால் கட்டுவேன், பாரு."

"வாசல்ல தண்ணிப்பானை வச்சிருக்காரா, கோ முத்து?" என்று பர்மிய முறையில் 'கோ' போட்டுக் கணவனைக் கேட்டாள்.

"சமாதிக்கு எதுக்குடி பானை?"

"வழிப்போக்கருங்க நாலு பேர் குடிச்சாத்தானே அந்தம்மாவுக்குப் புண்ணியம்? எங்காளுங்க குடிசையில இருந்தாலும் வாசல்ல பானை வைப்பாங்க. இவ்வளவு கட்டினவருக்கு அது தோணலையே!"

"சரி, உனக்குக் கட்டறப்ப மறக்காம வச்சிடறேன்."

"செத்தவளுக்குத்தான் பளிங்கு வேணும். உசிரோட இருக்கிறவளுக்கு த்வாண்டே ஊர் மண்பானை ரெண்டு போதும். லத்தா சந்தை வந்திருச்சு, இறங்கு."