முதுகில் எழுதிய எட்டு மா

— பத்திரத்தைக் கேட்டா சட்டையைக் கழட்டுறீங்களே, கருப்பையன்?

— பத்திரம் முதுகுலதாங்க இருக்கு, மீரான் ஐயா. விழிதியூர் வயல், எட்டு மா. பச்சை குத்தினது.

— இருபது வருஷமா இந்த மேசையில பத்திரம் எழுதுறேன், இப்படி ஒண்ணைப் பாத்ததில்ல. காகிதம் எங்க?

— அது வெள்ளத்துல ஊறிப் போச்சுங்க. மை ஓட ஆரம்பிச்சிடுச்சி. படிக்க முடியறப்பவே பச்சை குத்துறவளைக் கூட்டியாந்து என் முதுகுல ஏத்திட்டாங்க. அப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. பாருங்களேன், மூணு நாள் குப்புறக் கெடந்தேன்.

— காசியம்மா, வீட்டுக்காரருக்கு நீங்களாவது சொல்லக் கூடாதா? பிரெஞ்சுக்காரன் போயி வருஷம் ஒண்ணாச்சு. இந்த மாசத்துக்குள்ள பத்திரம் காட்டலன்னா வயலைப் புறம்போக்குன்னு எழுதிடுவாங்க.

— அதனாலதாங்க கூட்டியாந்தேன். எழுத்தெல்லாம் தெளிவாத்தான் இருக்கு. தெனம் வெளக்கெண்ணெ தடவுறேன்.

— உழும்போதுகூட பனியனைக் கழட்ட விடமாட்டா ஐயா. ஊரான் படிச்சிடுவானாம். எனக்கோ எழுத்துத் தெரியாது. தெரிஞ்சாலும் என் முதுகு எனக்குத் தெரியாது பாருங்களேன்.

— சரி, ஜன்னல் பக்கம் திரும்புங்க. மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க, வரி கோணுது. வயலோட படமும் போட்டிருக்கே.

— குத்தினப்ப அளவு சரியா இருந்திச்சிங்க. இப்பக் கொஞ்சம் பெருத்துட்டேன்.

— வயலும் பெருத்திருக்கு. தெக்கு வாய்க்கால் இடுப்பைத் தாண்டிப் போகுது. இப்படியே எழுதினா பக்கத்து வயல்ல பாதி உங்களுது.

— எழுதிடுங்களேன்.

— எழுத்துல எட்டு மான்னுதான் இருக்கு, அதைத்தான் எழுதுவேன். வடமேற்கு மூலையில ஒரு கெணறு.

— அது கெணறு இல்லீங்க, அவரு முதுகு மரு.

— அட, வரைஞ்சிட்டேனேம்மா. போகட்டும், கெணறு இருந்தா நெலத்துக்கு மதிப்புதான். இப்ப வாசகம். கருப்பையன், உங்க அப்பா பேரு முத்தையன்தானே?

— ஆமாங்க.

— அவரு இந்த நெலத்தைப் பத்திரம் பதியற நொத்தேர் முன்னால கிரயம் பண்ணிக் குடுத்திருக்காரே. வித்துட்டாரு.

— வாங்கினாருன்னு சொல்லுங்க ஐயா.

— வித்திருக்காரு. வாங்கினது செல்லக்கண்ணு.

— செல்லக்கண்ணு என் மாமனாருங்க.

— எங்கப்பாதாங்க. வித்தவன் மவன் முதுகுலயே குத்துங்கன்னு சொன்னதும் அவருதான். பின்னால யாரும் விக்கவே இல்லன்னு பேசக் கூடாதுல்ல. பொறவு ஒத்தப் பொண்ணு என்னையும் இந்த வீட்டுலயே கட்டிக் குடுத்தாரு.

— காசி, எங்கப்பா சாவுற வரைக்கும் நம்ம வயலுன்னுதான்டி சொன்னாரு.

— வித்ததை மவன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்திருக்கும்.

— உனக்கு எப்பத் தெரியும்?

— கல்யாணம் ஆன மறுநாளே. நீங்க குளிக்கையில படிச்சிட்டேன். மூணாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனவ நான்.

— முப்பது வருஷம். வயலு போனதுகூட வலிக்கலடி. தெனம் எண்ணெ தடவினியே, அது என் மேல பாசம்னு நெனச்சேன்.

— பாசந்தான். எழுத்து மேல.

— அல்லாவே, என் முன்னால சண்டை போடாதீங்க. இந்தாங்கம்மா, நகல் எழுதி முத்திரையும் போட்டாச்சு. வயல் உங்க பேருக்கு வந்துடும்.

— இனிமே இந்தக் காயிதம் மட்டும் இருந்தாப் போதுங்களா, மீரான் ஐயா?

— போதும்மா. இவரு எங்கயும் வர வேண்டியதில்ல.

— நல்லதுங்க. ஏங்க, நான் நாளைக்கே மவ வீட்டோட போயி இருந்துக்குறேன். சட்டையைப் போட்டுக்கங்க.

— காசி, காயிதத்தை நம்பாதடி. கரையான் அரிக்கும், எலி கடிக்கும், கூரை ஒழுவினா ஒரு மழைக்குத் தாங்காது. நான் இன்னும் இருபது வருஷம் இருப்பேன்டி, ஒரு எழுத்து அழியாது.